பட்டிக் காவல் நாயை வளர்ப்பதும் பழக்குவதும்

மாட்டுக் கொட்டில், ஆட்டுப் பட்டி, களத்துமேடு, தோட்டத்து மோட்டார் அறை ஆகிய எல்லா இடங்களிலும் இரவுக் காவலுக்கு உழவர் பெருமக்கள் நம்பியிருப்பது நாயையே ஆகும். நரி வந்தாலும், காட்டுப்பன்றி வந்தாலும், திருடன் வந்தாலும் மனிதன் அறிவதற்கு முன்பே நாய் அறிந்து குரல் கொடுக்கிறது. சம்பளம் கேட்பதில்லை, விடுப்பு எடுப்பதில்லை.

ஆனால் இந்தக் காவலாளியை நாம் எவ்வாறு வைத்திருக்கிறோம் என்பதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். கறவை மாட்டுக்கு எத்தனை கிலோ அடர்தீவனம் என்று கணக்கு வைக்கிறோம். வெள்ளாட்டுக்கு ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி போடுகிறோம். கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்து கொடுக்கிறோம். நாய்க்கு மட்டும் எந்தக் கணக்கும் இல்லை. மீந்ததைத் தின்று, கிடைத்த இடத்தில் படுத்து, தானாக வளர்ந்துகொள்ளும் என்று விட்டுவிடுகிறோம். இதனால் நாய்க்கு மட்டுமே கேடு என்று நினைப்பது தவறு. கவனிப்பில்லாத நாயிடமிருந்து ஆட்டின் மூளைக்குப் புழுவும், குழந்தையின் கண்ணுக்குப் புழுவும், வீட்டில் உள்ள எவருக்கும் உயிர்க்கொல்லியான வெறிநோயும் வரக்கூடும். ஆகவே நாயும் பண்ணையின் ஒரு கால்நடையே என்று கொண்டு, அதற்கும் தீவனக் கணக்கு, தடுப்பூசிக் கணக்கு, பழக்கும் நேரம் ஆகியவற்றை ஒதுக்குவது பண்ணைக்கே நன்மை பயக்கும்.

குட்டியைத் தேர்ந்தெடுத்தல்

தமிழ்நாட்டின் தட்பவெப்பத்திற்கு நம் நாட்டு இனங்களே ஏற்றவை. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவை தென் மாவட்டங்களில் நெடுங்காலமாக வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்டு வருகின்றன. இவற்றுள் ராஜபாளையம் நாய்க்கு இந்திய அஞ்சல் துறை 2005 ஆம் ஆண்டு தபால்தலை வெளியிட்டுச் சிறப்புச் செய்துள்ளது. ராஜபாளையம், சிப்பிப்பாறை ஆகிய இரண்டையும் தேசிய அளவில் தனி இனங்களாகப் பதிவும் செய்துள்ளனர்.

இனத்தின் இயல்பை அறிந்து தேர்ந்தெடுக்க வேண்டும். சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் கண்டு விரட்டிப் பிடிக்கும் வேட்டை நாய்கள். ஓடுவதைக் கண்டால் துரத்துவது அவற்றின் பிறவிக் குணம். எனவே கோழிகள் மேயும் வீட்டில் இவற்றை வளர்ப்போர் பழக்குவதில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். ராஜபாளையம் இனத்தில் வெள்ளை நிறக் குட்டிகள் சில காது கேளாதவையாகப் பிறப்பதுண்டு. குட்டி பார்க்காத வேளையில் அதன் பின்புறம் நின்று கைதட்டிப் பார்த்து, திரும்பிப் பார்க்கிறதா என்று சோதித்த பின்னரே வாங்க வேண்டும். இனம் எதுவென்று பெயர் சொல்ல முடியாத சாதாரண நாட்டு நாயும் காவலுக்கு மிகச் சிறந்ததே. அதை இழிவாகக் கருத வேண்டியதில்லை.

குட்டியைத் தாயிடமிருந்து 8 வாரத்திற்கு முன் பிரிக்கக்கூடாது. மிக முன்னதாகப் பிரிக்கப்பட்ட குட்டி மெதுவாகக் கடிக்கும் பழக்கத்தைக் கற்றிருக்காது. உடன்பிறந்த குட்டிகளோடு விளையாடும்போது அழுத்திக் கடித்தால் மற்றக் குட்டி கத்தி விலகிவிடும். அதிலிருந்துதான் வாயை அடக்கக் கற்றுக்கொள்கிறது. கண் தெளிவாகவும், மூக்கு ஒழுகாமலும், வயிறு பானை போல் உப்பாமலும், கூப்பிட்டால் தயங்காமல் அருகில் வருவதாகவும் உள்ள குட்டியே நல்ல குட்டி. மூலையில் பதுங்கும் குட்டி வளர்ந்தபின் அச்சத்தால் கடிக்கும் நாயாகக்கூடும்.

பழகும் பருவம்

குட்டி பிறந்த 3 ஆம் வாரம் முதல் ஏறத்தாழ 14 ஆம் வாரம் வரை உள்ள காலமே பழகும் பருவம் ஆகும். இந்தப் பருவத்தில் எதையெல்லாம் அச்சமின்றிப் பார்க்கிறதோ, அதையெல்லாம் வாழ்நாள் முழுவதும் தன் உலகத்தைச் சேர்ந்ததாகவே ஏற்றுக்கொள்ளும். குழந்தைகள், முதியவர்கள், பால்காரர், தலையில் சுமையுடன் வருபவர், டிராக்டர் சத்தம், மோட்டார் சைக்கிள், பட்டாசு ஒலி ஆகியவற்றைத் தொலைவிலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாகக் காட்ட வேண்டும்.

ஆட்டுப் பட்டிக்குக் காவலாக வளர்க்கும் குட்டியை இந்தப் பருவத்திலேயே பட்டியின் ஓரத்தில் தட்டி கட்டித் தங்க வைக்க வேண்டும். ஆட்டின் வாசனையும் குரலும் பழகிய குட்டி வளர்ந்தபின் ஆடுகளைத் தன் கூட்டமாகவே கருதும். ஆனால் முதல் ஓராண்டு வரை கண்காணிப்பின்றி ஆட்டுக்குட்டிகளிடம் தனியாக விடக்கூடாது. விளையாட்டாகத் துரத்துவதே பின்னர் கடிக்கும் பழக்கமாக மாறிவிடும்.

உணவும் நீரும்

குட்டிக்கு 3 மாதம் வரை நாளொன்றுக்கு 4 வேளையும், 6 மாதம் வரை 3 வேளையும், அதன் பின் 2 வேளையும் உணவு அளிக்கலாம். வேளை தவறாமல் கொடுப்பது முக்கியம். வேளைக்கு உண்ணும் நாய் வேளைக்குக் கழிக்கும். இடத்தை அசுத்தம் செய்யாது.

20 கிலோ எடையுள்ள, நன்கு நடமாடும் நாய்க்கு ஒரு நாளைக்குத் தேவையான உணவைக் கீழ்க்கண்டவாறு வீட்டிலேயே தயாரிக்கலாம்.

அரிசி, கேழ்வரகு, கம்பு இவற்றுள் ஏதேனும் ஒன்று - 200 கிராம்
பருப்பு - 50 கிராம்
வேகவைத்த இறைச்சி அல்லது மீன் - 100 கிராம்
வேகவைத்த முட்டை - 1
பூசணி, கேரட், கீரை போன்றவை - ஒரு கைப்பிடி

தானியத்தையும் பருப்பையும் சமைப்பதற்கு முன் எடை போட்டுக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் குழைய வேகவைத்து, ஆறிய பின் இரு வேளையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். இது ஒரு வழிகாட்டும் அளவே ஆகும். விலா எலும்புகள் கையால் தடவினால் தெரிய வேண்டும். கண்ணுக்குத் துருத்திக்கொண்டு தெரியக்கூடாது. அதற்கேற்ப அளவைக் கூட்டியோ குறைத்தோ கொள்ளலாம். வளரும் குட்டிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் சுண்ணாம்புச் சத்து கூடுதலாகத் தேவை. எந்தத் தாது உப்பு, எவ்வளவு என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக் கொடுப்பது நல்லது.

மீந்த குழம்பை ஊற்றிச் சோறு போடுவது கிராமங்களில் வழக்கம். இதில் ஓர் ஆபத்து உண்டு. சின்ன வெங்காயம், பெரிய வெங்காயம், பூண்டு ஆகியவை நாயின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும் தன்மை உடையவை. வேகவைத்தாலும் இந்தத் தன்மை போவதில்லை. சிறிது சிறிதாக நாள்தோறும் உண்டாலும் சோகை ஏற்படும். திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட் ஆகியவையும் நாய்க்கு நஞ்சாகும். சமைத்த கோழி எலும்பு கூர்மையாக உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்திக்கொள்ளும். இவற்றை ஒருபோதும் போடக்கூடாது.

தண்ணீர் எந்நேரமும் கிடைக்க வேண்டும். 20 கிலோ நாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 லிட்டர் தேவைப்படும். கோடையில் இன்னும் கூடும். மனிதனைப் போல் உடல் முழுவதும் வியர்த்து நாய் தன் சூட்டைத் தணித்துக்கொள்ள இயலாது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு இரைப்பதன் மூலமே தணித்துக்கொள்கிறது. ஆகவே சித்திரை, வைகாசி மாதங்களில் நிழலும் நீரும் இல்லாத இடத்தில் கட்டிப்போட்டால் சில மணி நேரத்தில் உயிரிழக்கவும் கூடும்.

பழக்கும் முறை

"மிளகாய் கலந்து போட்டால் நாய்க்குக் கோபம் வரும்", "பட்டினி போட்டால் இரவில் விழித்திருக்கும்", "காது நுனியை வெட்டினால் வீரம் வரும்" என்று சிலர் கூறுவர். இவை யாவும் தவறான நம்பிக்கைகள். வலியாலும் பசியாலும் வருவது எரிச்சலே அன்றிக் காவல் அன்று. எரிச்சல் கொண்ட நாய் திருடனை விடுத்து வீட்டுக் குழந்தையைக் கடிக்கும்.

நாயைப் பழக்குவதற்கு மூன்று விதிகள் போதும். முதலாவது, சொன்னதைச் செய்தவுடன் ஓரிரு நொடிக்குள் பாராட்டிச் சிறு துண்டு முட்டையோ இறைச்சியோ கொடுக்க வேண்டும். நேரம் கழித்துக் கொடுத்தால் எதற்காகக் கிடைத்தது என்று நாய்க்குப் புரியாது. இரண்டாவது, வீட்டில் உள்ள அனைவரும் ஒரே சொல்லையே பயன்படுத்த வேண்டும். அப்பா "வா" என்றும், மகன் "இங்கே ஓடி வா" என்றும், பாட்டி "தோ தோ" என்றும் அழைத்தால் குட்டி குழம்பும். மூன்றாவது, உணவு வேளைக்கு முன்பாக 5 அல்லது 10 நிமிடம் பழக்கினால் போதும். பசியுள்ள குட்டி விரைவில் கற்கும். களைத்த குட்டி கற்காது.

முதலில் கற்பிக்க வேண்டிய சொற்கள் நான்கு.

வா: பெயரைச் சொல்லி "வா" என்று அழைத்து, வந்தவுடன் தின்பண்டம் கொடுக்க வேண்டும். தவறு செய்த நாயை "வா" என்று அழைத்து அடிக்கவே கூடாது. ஒருமுறை அவ்வாறு செய்தால், அவசர வேளையில் எவ்வளவு அழைத்தாலும் வராது.

இரு: தின்பண்டத்தை மூக்கருகே காட்டி மெல்லத் தலைக்கு மேல் உயர்த்தினால் குட்டி தானாக உட்காரும். உட்கார்ந்தவுடன் "இரு" என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். நாளடைவில் ஓரடி, ஈரடி என்று விலகி நின்று பழக்கலாம். கதவைத் திறக்கும்போதும் சோறு வைக்கும்போதும் இச்சொல் பெரிதும் உதவும்.

விடு: வாயில் எதையேனும் கவ்வியிருக்கும்போது அதைப் பிடுங்காமல், அதைவிடச் சுவையான ஒன்றைக் காட்டி "விடு" என்று சொல்ல வேண்டும். எலி மருந்து வைக்கும் தோட்டத்தில் இந்த ஒரு சொல் நாயின் உயிரைக் காக்கும்.

போதும்: நாய் குரைத்தவுடன் வீட்டார் எழுந்து வந்து என்னவென்று பார்க்க வேண்டும். பார்த்த பின் "போதும்" என்று சொல்லி, நிறுத்தியவுடன் பாராட்ட வேண்டும். குரைத்தும் எவரும் வந்து பாராத வீட்டு நாய் ஒன்று ஓயாமல் குரைக்கும். அல்லது குரைப்பதையே விட்டுவிடும். இரண்டும் காவலுக்கு உதவாது.

கோழியைத் துரத்தாமல் பழக்க, குட்டியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு கோழிகள் மேயும் இடத்திலிருந்து சற்றுத் தொலைவில் உட்கார வைக்க வேண்டும். கோழியைப் பார்த்துவிட்டு நம்மைத் திரும்பிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் தின்பண்டம் கொடுக்க வேண்டும். நாள்தோறும் சிறிது நெருங்கிச் செல்லலாம். செத்த கோழியை நாயின் கழுத்தில் கட்டுவதாலோ அடிப்பதாலோ பயன் ஏதும் இல்லை.

குட்டி தூங்கி எழுந்ததும், உண்டு முடித்ததும், விளையாடி முடித்ததும் வெளியே குறிப்பிட்ட ஓரிடத்திற்கு அழைத்துச் சென்றால் சில வாரங்களில் அந்த இடத்திலேயே கழிக்கக் கற்றுக்கொள்ளும். வீட்டினுள் அசுத்தம் செய்துவிட்டால் அதில் மூக்கைத் தேய்ப்பது பயனற்ற செயல். துடைத்துக் கழுவிவிட்டு, மறுமுறை முன்கூட்டி வெளியே அழைத்துச் செல்வதே வழி.

நாள்தோறும் ஒருமுறை காது, பாதம், வாய், வால் ஆகியவற்றைத் தொட்டுப் பார்த்துப் பழக்க வேண்டும். இவ்வாறு பழகிய நாயைத் தடுப்பூசி போடவும் புண்ணுக்கு மருந்திடவும் ஒருவரே பிடித்துக்கொள்ளலாம். பழகாத நாயை நான்கு பேர் சேர்ந்தும் பிடிக்க முடியாமல், ஊசியே போடாமல் விட்டுவிடுகிறோம். பல வீடுகளில் தடுப்பூசி தவறுவதற்கு இதுவே காரணம்.

குழந்தைகளுக்கும் பழக்கம் தேவை. உண்ணும் நாய், உறங்கும் நாய், குட்டி ஈன்ற நாய் ஆகிய மூன்றின் அருகிலும் செல்லக்கூடாது என்று அவர்களுக்குக் கற்பிக்க வேண்டும். வழிப்போக்கர் மீது "சூ" கொட்டி ஏவி விடும் விளையாட்டை அறவே தடுக்க வேண்டும்.

இருப்பிடமும் சங்கிலியும்

நாய் நின்று, திரும்பி, கால் நீட்டிப் படுக்கும் அளவுக்குத் தரையிலிருந்து அரையடி உயரத்தில் மேடை அமைத்து மேலே கூரை வேய்ந்தால் போதும். மழைச்சாரல் அடிக்காமல், வாசல் கொட்டிலைப் பார்த்து இருக்க வேண்டும்.

பகல் முழுவதும் குட்டைச் சங்கிலியில் கட்டிக் கிடக்கும் நாய் முரடாகிவிடும். எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாய்க்கு உரிய நடமாட்டம் அளிக்காமல் இருப்பது 1960 ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும். கட்ட வேண்டிய கட்டாயம் இருந்தால், இரு கம்பங்களுக்கு இடையே தலை உயரத்தில் கம்பி இழுத்துக் கட்டி, அதில் ஒரு வளையம் கோத்து, வளையத்தில் சங்கிலியை மாட்டிவிடலாம். நாய் கம்பி நெடுக ஓடியாடிக் காவல் காக்கும். கம்பத்தில் சுற்றிக்கொள்ளாமல் இருக்க, இரு முனைகளிலும் சற்று முன்பாகவே வளையம் நிற்கும்படி தடை வைக்க வேண்டும். கழுத்துப்பட்டையின் உள்ளே இரு விரல்கள் நுழைய வேண்டும். வளரும் குட்டியின் பட்டையை வாரம் ஒருமுறை தளர்த்திப் பார்க்காவிட்டால் அது சதையில் பதிந்து புண்ணாகிவிடும்.

உண்ணியும் நஞ்சும்

நாள்தோறும் உடலைத் துலக்கிவிட்டு, 2 முதல் 4 வாரத்திற்கு ஒருமுறை குளிப்பாட்டினால் போதுமானது. காது மடல், விரல் இடுக்கு, கழுத்து ஆகிய இடங்களில் உண்ணி உள்ளதா என்று பார்க்க வேண்டும். இரத்தம் குடித்த பெண் உண்ணி நாயை விட்டு இறங்கிச் சுவர் வெடிப்புகளில் ஆயிரக்கணக்கான முட்டைகளை இடுகிறது. எனவே நாய்க்கு மட்டும் மருந்திட்டால் உண்ணி ஒழியாது. படுக்கும் இடத்தின் வெடிப்புகளைப் பூசி அடைக்கவும் வேண்டும். உண்ணிகளைக் கையால் நசுக்காமல் இடுக்கியால் எடுத்துச் சோப்புத் தண்ணீரில் போட வேண்டும்.

பயிருக்குத் தெளிக்கும் பூச்சிமருந்தை நாயின் மீது தடவுவதை உழவர்கள் உடனே கைவிட வேண்டும். அது தோல் வழியாகவும், நக்கும்போது வாய் வழியாகவும் உடலில் சேர்ந்து, எச்சில் ஒழுகி, உடல் நடுங்கி, நாய் இறந்துவிடும். புழு வைத்த புண்ணில் பெட்ரோல், பினாயில் ஊற்றுவதும் இது போன்றதே. நாய்க்கென உள்ள மருந்தை மருத்துவர் கூறும் அளவில் மட்டும் பயன்படுத்த வேண்டும்.

வயலில் எலிக்கு நச்சுணவு வைக்கும் நாட்களில் நாயைக் கட்டி வைப்பதுடன், செத்த எலிகளைத் தேடி எடுத்துப் புதைக்க வேண்டும். நஞ்சு தின்றுவிட்டதாக ஐயம் ஏற்பட்டால் வீட்டு வைத்தியத்தில் காலம் கடத்தாமல், மருந்து உறையையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் விரைய வேண்டும்.

குடற்புழுவும் ஆட்டின் மூளையும்

மந்தையில் ஓர் ஆடு தலையைச் சாய்த்துக்கொண்டு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வருவதைப் பலர் கண்டிருப்பர். இதற்குப் பல காரணங்கள் உண்டெனினும், நாயின் குடலில் வாழும் ஒருவகை நாடாப்புழு முக்கியமான ஒன்றாகும். நாயின் மலத்தோடு வெளிவரும் முட்டை புல்லில் ஒட்டுகிறது. புல்லை மேயும் ஆட்டின் உடலில் அது பொரிந்து, மூளையை அடைந்து, நீர்க்கட்டியாக வளர்கிறது. அந்த ஆடு இறந்ததும் அதன் தலையை நாய்க்கே எறிகிறோம். கட்டியில் உள்ள புழுக்கள் மீண்டும் நாயின் குடலில் வளர்கின்றன. இவ்வாறு நோயை நம் கையாலேயே சுழல விடுகிறோம்.

மற்றொரு வகை நாடாப்புழு ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டிகளை உண்டாக்குகிறது. இதன் முட்டை மனிதர் வயிற்றுக்குள் போனால் மனிதருக்கும் அதே கட்டிகள் வரும். நாயின் உருண்டைப்புழு முட்டைகளோ, மண்ணில் விளையாடும் குழந்தைகளின் வாய் வழியே உட்சென்று சில வேளை கண்பார்வையைக் கெடுக்கின்றன.

இவற்றைத் தடுக்கும் வழிகள் எளியவை. ஆடு அறுக்கும்போது தலை, ஈரல், நுரையீரல் ஆகியவற்றைப் பச்சையாக நாய்க்குப் போடக்கூடாது. நன்கு வேகவைத்துக் கொடுக்கலாம். கட்டி உள்ளவற்றையும் இறந்த ஆட்டையும் ஆழப் புதைக்க வேண்டும். நாயின் மலத்தை நாள்தோறும் அள்ளிப் புதைக்க வேண்டும். உருண்டைப்புழு தாயின் கருப்பையிலேயே குட்டிக்குத் தொற்றுவதால், குட்டிக்கு 2 ஆம் வாரத்திலேயே குடற்புழு நீக்கம் தொடங்கி 3 மாதம் வரை 2 வாரத்திற்கு ஒருமுறையும், 6 மாதம் வரை மாதம் ஒருமுறையும், பின்னர் 3 மாதத்திற்கு ஒருமுறையும் மருந்து கொடுக்க வேண்டும். ஆடு வளர்ப்போர், நாடாப்புழுவுக்கும் சேர்த்து வேலை செய்யும் மருந்தா என்று மருத்துவரிடம் கேட்டு வாங்க வேண்டும்.

தடுப்பூசிகள்

6 முதல் 8 ஆம் வாரம் - டிஸ்டெம்பர், பார்வோ, கல்லீரல் அழற்சி, எலிக்காய்ச்சல் ஆகியவற்றுக்கான கூட்டுத் தடுப்பூசியின் முதல் ஊசி
அதன் பின் - 16 ஆம் வாரம் வரை 3 அல்லது 4 வாரத்திற்கு ஒருமுறை அதே கூட்டுத் தடுப்பூசி
3 ஆம் மாதம் - வெறிநோய்த் தடுப்பூசி
4 ஆம் மாதம் - வெறிநோய்த் தடுப்பூசியின் இரண்டாம் ஊசி
ஆண்டுதோறும் - மருத்துவர் கூறும் தேதியில் இரண்டும்

வெறிநோயின் அறிகுறிகள் வெளிப்பட்ட பின் அதைக் குணப்படுத்தும் மருந்து இதுவரை இல்லை. மரணம் ஏறத்தாழ உறுதி. ஆனால் முன்கூட்டியே முழுமையாகத் தடுக்கக்கூடிய நோயும் இதுவே. ஆண்டுதோறும் செப்டம்பர் 28 அன்று உலக வெறிநோய் தினத்தையொட்டிப் பல இடங்களில் தடுப்பூசி முகாம்கள் நடைபெறுகின்றன. அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கேட்டறிந்து பயன்படுத்திக்கொள்ளலாம்.

வெறிபிடித்த நாய் எப்போதும் ஓடி ஓடிக் கடிக்கும் என்பதில்லை. சில நாய்கள் தாடை தொங்கி, எச்சில் வழிய, இருண்ட மூலையில் சோர்ந்து கிடக்கும். தொண்டையில் எலும்பு சிக்கியதாக எண்ணி வாய்க்குள் கைவிடுவது பேராபத்து. மாட்டுக்கும் இது பொருந்தும். வெறிநோய் கண்ட மாடு எச்சில் வடித்து, விழுங்க முடியாமல், அடிக்கடி கதறும். ஏதோ அடைத்துக்கொண்டது என்று வெறுங்கையை வாய்க்குள் விடாமல், மருத்துவரை அழைக்க வேண்டும். தண்ணீர் குடிக்கும் நாய்க்கு வெறி இல்லை என்பதும் தவறு. தண்ணீரைக் கண்டு அஞ்சுவது மனிதருக்கு வரும் அறிகுறியே அன்றி நாய்க்கு உரியதன்று.

நாய் கடித்தால்

கடிபட்ட இடத்தை உடனே ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். கிருமி நரம்பை அடையும் முன் அதைக் கழுவி வெளியேற்றுவதே இதன் நோக்கம். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், மஞ்சள், எண்ணெய் எதையும் அப்பக்கூடாது. கட்டுப் போடாமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இரத்தம் வந்த காயமாயின் தடுப்பூசியுடன் காயத்தைச் சுற்றிப் போடும் மற்றொரு மருந்தும் தேவைப்படும். வளர்ப்பு நாய்தானே, குட்டிதானே, லேசான கீறல்தானே என்று இருந்துவிடக்கூடாது. கடித்த நாயை 10 நாட்கள் கண்காணிக்க வேண்டும் என்பது உண்மையே. ஆனால் அதுவரை ஊசி போடாமல் காத்திருப்பது தவறு.

வயிற்றைச் சுற்றி 14 ஊசி என்ற அச்சத்தால் இன்றும் சிலர் மருத்துவமனைக்குச் செல்லத் தயங்குகின்றனர். அந்தப் பழைய மருந்தின் உற்பத்தி இந்தியாவில் 2004 ஆம் ஆண்டுடன் நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது கையில் போடும் சில ஊசிகளே போதும். மருத்துவர் குறித்துத் தரும் நாட்களில் கடைசி ஊசி வரை தவறாமல் போட்டுக்கொள்ள வேண்டும்.

வெறிநாய் கடித்த மாட்டுக்கும் ஆட்டுக்கும் காயத்தை இவ்வாறே கழுவி, கையுறை அணிந்துகொண்டு, உடனே தடுப்பூசித் தொடரைத் தொடங்க வேண்டும். அறிகுறி தோன்றும் வரை காத்திருந்தால் பயனில்லை.

கருத்தடை

பெட்டை நாய் பொதுவாக ஆண்டுக்கு இருமுறை பருவத்திற்கு வரும். சினைக்காலம் ஏறத்தாழ 63 நாட்கள். ஓர் ஈற்றில் பிறக்கும் பல குட்டிகளுள் கடுவன்களை ஊரார் எடுத்துச் செல்ல, பெட்டைக் குட்டிகள் சந்தை வாசலிலும் சாலை ஓரத்திலும் விடப்படுகின்றன. தடுப்பூசி காணாத தெருநாய்க் கூட்டம் இவ்வாறே பெருகி, முடிவில் நம் பட்டிக்கே வருகிறது. இனவிருத்திக்குத் தேவைப்படாத நாய்க்கு 6 மாத வயதிற்குப் பின் மருத்துவர் ஆலோசனைப்படி கருத்தடை அறுவை செய்துவிடலாம். இதனால் நாயின் காவல் திறன் குறைவதில்லை. கடுவன் நாய் பெட்டையைத் தேடி ஊர் சுற்றுவதும், சண்டையிட்டுக் கடிபட்டு வருவதும் குறைவதால், காவல் கூடுகிறது என்றே சொல்லலாம்.

முடிவாக

காலையில் தண்ணீர் மாற்றி, உடலைத் தடவிப் பார்க்க 10 நிமிடம். மாலையில் பழக்கவும் நடத்திச் செல்லவும் 20 நிமிடம். ஆக, நாளொன்றுக்கு அரை மணி நேரமே ஒரு நாய்க்குத் தேவை. பால் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் நாயின் பெயரை எழுதி, தடுப்பூசி போட்ட தேதி, குடற்புழு மருந்து கொடுத்த தேதி, அடுத்த தேதி ஆகிய மூன்றையும் குறித்து வையுங்கள். அந்த ஒரு பக்கம் தவறாமல் நிரம்பி வந்தால், உங்கள் ஆடு மாடுகளும் வீட்டுக் குழந்தைகளும் நோயின்றி இருப்பதற்கு அது பெரிதும் துணை செய்யும்.